பேக்கரி ஷோகேஸில் சேமியா

ஜூன் 9, ஞாயிறு

என் பையன் கௌசிக் காலை ரயிலில் புனே போய்விட்டான். ஐந்து மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு அங்கேயே வேலையாம். போகும்போது ஒரு பெட்டி, இரண்டு பை எடுத்துப் போனான். இரண்டு பாம்பை என்னிடம் விட்டுப் போனான்.

எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. வசந்தாமணி ஆகிய நான், வயது ஐம்பத்திரண்டு, பொள்ளாச்சியில் தேங்காய் நார்க்கழிவுக் கம்பெனியில் ஈரமும் உப்பும் சோதிக்கிற வேலை பார்ப்பவள், முதல் பக்கத்திலேயே பாம்பைப் பற்றி எழுதுகிறேன்.

ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டிகள். விஷம் கிடையாது. பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். வனத்துறையில் பதிவு செய்த காகிதம் பீரோவில் இருக்கிறது. கேழ்வரகு நிறத்தில் இருப்பவள் ராகி, 240 கிராம். ஒல்லியாக இருப்பவன் சேமியா, 165 கிராம். பேர் வைத்தது கௌசிக். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவில் இத்தனை நாளும் அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

"அப்பாவ நம்ப முடியாதும்மா, நீதான் பாத்துக்கணும்" என்றான். அவன் என்னிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி ரொம்ப நாளாகிறது. நான் சரி என்றுவிட்டேன்.

அவன் அறையைக் கூட்டினேன். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. எங்கள் வீட்டுக்காரர் ஏதோ ரிப்பேருக்குக் கழற்றியது. பட்டி வைத்து அடைக்க வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

முதல் சாப்பாடு. உறைய வைத்த எலிக்குஞ்சை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ராகி நாக்கை நீட்டி நீட்டி மோந்தாள். மேலுதட்டில் சின்னச் சின்னக் குழி இருக்கிறது, அதை வைத்துத்தான் சூட்டைத் தெரிந்துகொள்ளுமாம். படக்கென்று பிடித்துச் சுற்றிக்கொண்டாள். சேமியாவும் சாப்பிட்டான், மூடியைப் போட்டு மூடின பிறகு.

எங்கள் வீட்டுக்காரர் மருதாசலம் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்த என்ஜினுக்கும் அசரமாட்டார். இன்று வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "முடிஞ்சுதா புள்ள?" என்று நாலு தடவை கேட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

டப்பாவில் கிடப்பதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. முழுதாக நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை. இதுகள் மரமேறுமா, நீந்துமா, எங்கே தூங்கும் என்று ஒன்றுமே தெரியாமல் எப்படி வளர்ப்பது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பேக்கரியை இடிக்கிறார்கள். ஆறடி ஷோகேஸ் வெளியே கிடந்தது. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே விளக்கு. பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. டெம்போவில் ஏற்றி ஹாலில் டிவிக்கு எதிரே வைத்தாயிற்று. மூன்று தடவை கழுவியும் வெண்ணெய் பிஸ்கட் வாசம் போகவில்லை.

அவர் காற்றுக்கு ஓட்டை போட்டார், கதவுக்குப் பூட்டு வைத்தார். "டிப்போல ஒரு பாம்பு வந்தா பத்துப் பேரு கம்பெடுப்போம். இப்ப அதுக்கு நாங் கதவு செஞ்சு தர்றேன்" என்று புலம்பிக்கொண்டே வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தார்.

ஜூன் 29, சனி

வீடு தயார். கம்பெனியிலிருந்து உப்புப் போகக் கழுவின நார்க்கழிவு, நாலு விரற்கடை உயரத்துக்கு. கொய்யாக் கிளை இரண்டு. ஆழியாற்றுக் கல். கொட்டாங்குச்சியைக் குடைந்து ஒரு குகை. தண்ணீர்ச் சட்டி. ஒரு மூலையில் சூடு தரும் தகடு, முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் ஒரு பெட்டி பார்த்துக்கொள்கிறது. அடுத்த மூலை குளிர்ச்சி, இருபத்தாறு. ஈரம் அறுபது. இந்த ஈரத்தில் எனக்குப் போட்டியே கிடையாது, இருபது வருஷமாக அதைத்தானே அளக்கிறேன்.

கிளையைக் கட்டத் திருகாணி தேடினேன். பழைய ஊறுகாய் ஜாடியில் அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

இரண்டையும் உள்ளே விட்டு விளக்கைப் போட்டேன். அப்பா, என்ன அழகு. சோபாவில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரிகிறது. பால்காரர் எட்டிப் பார்த்து, "பேக்கரி வெக்கறீங்களாக்கா?" என்றார். கிட்டே வந்து பார்த்தவர் பாலை ஊற்றாமலே போய்விட்டார்.

ஜூலை 2, செவ்வாய்

வீடியோவில் கௌசிக்குக் காட்டினேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், "ஐயோ, ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டியாம்மா?" என்றான். இதுகள் தனித்தனியாக வாழ்கிற ஜாதியாம். ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடந்ததைப் பாசம் என்று நினைத்தேன். நல்ல இடத்துக்குப் போட்டியாம் அது.

அவர் நடுவில் பலகை அடித்துக் கொடுத்தார். ஆளுக்கு மூன்றடி. அந்தப் பக்கத்துக்கும் ஒரு தகடு, ஒரு குகை.

ஜூலை 7, ஞாயிறு

ராகி நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் பார்க்கவே சாப்பிட்டாள். அவளுக்குக் கூச்சமே கிடையாது. சேமியா தொடவில்லை. 160.

ஜூலை 14, ஞாயிறு

ராகி தோல் உரித்திருக்கிறாள். மூக்கிலிருந்து வால்வரை ஒரே துண்டு. கண்மேல் இருந்த மூடிகூட அதில் இருக்கிறது, இரண்டு சின்ன வட்டம். வெளிச்சத்தில் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன்.

சேமியா சாப்பிடவில்லை. 155.

ஜூலை 21, ஞாயிறு

இல்லை. 150.

சூடு சரி, ஈரம் சரி, தண்ணீர் சரி. எலியை இன்னும் சூடாக்கிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், விட்டுவிட்டும் பார்த்தேன். கொட்டாங்குச்சிக்குள் தலையை ஒளித்துக்கொண்டு கிடக்கிறான். உடம்பு பாதி வெளியே. அவ்வளவு பெரிய இடம் இருக்கிறது, ஒரு நாளும் சுற்றிப் பார்க்கவில்லை.

கௌசிக் இப்போது தினமும் கூப்பிடுகிறான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பாம்பைப் பற்றித்தான். 135க்குக் கீழே போனால் கோயமுத்தூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் வைத்து ஊட்ட வேண்டும், குட்டிப் பாம்பு அதைத் தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம் என்றான். இவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் எதைப் பற்றி என்னைக் கூப்பிடுவான்? எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

146.

இந்தப் பாம்புகள் சொந்த ஊரில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் இருக்குமாம். எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனிக்குப் பின்னால் தோப்பில் எலி வளைகள் உண்டு. மதியம் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து அளந்தேன். வாய் மூன்று விரல் அகலம். உள்ளே ஒரு குச்சியை விட்டால் இரண்டடி போய் வளைகிறது.

களத்தில் நார்க்கழிவு காயப் போடும் துளசிமணி பார்த்துவிட்டாள். "ஏனுங்க்கா, எலி வளைக்கு அளவெடுத்துச் சட்ட தெக்கப் போறீங்களா?"

"உள்ள எப்படி இருக்கும்னு பாக்கறேன்."

"இருட்டா இருக்கும்ங்க்கா. வேறென்ன?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மூன்று விரல் அகலம் என்றால் உடம்பு நாலு பக்கமும் மண்ணில் படும். நான் கொடுத்த குகையில் வால்கூட அடங்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

142. எலும்பு கையில் தட்டுப்படுகிறது.

"ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா அவனப் பாப்ப?" என்று கௌசிக் கேட்டான்.

"எப்பவாச்சுந்தான் கண்ணு" என்றேன்.

"எண்ணிச் சொல்லு."

சோதனைச்சாலைப் பழக்கம், எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவேன். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

லீவு போட்டேன். காலை 5.40, 5.55, 6.10, 6.30, 6.35 (விளக்கைப் போட்டு), 7.00, 7.20... இப்படியே இரவு எட்டு வரைக்கும் முப்பத்தொரு தடவை. அதில் ஒன்பது தடவை டார்ச் அடித்து. நாலு தடவை கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்து.

பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்புறம் கூப்பிட்டான்.

"அம்மா, அவனுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலு பக்கமும் கண்ணாடி, மேல விளக்கு, எதுர்ல நீ. எப்படிச் சாப்புடுவான்?"

"நல்லா இருக்கானான்னுதான கண்ணு பாத்தேன்."

"தெரியும்மா. ஆனா யாராச்சும் பாத்துட்டே இருந்தா தொண்டைல எறங்காது. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

"அப்ப மறுபடி டப்பாலயே போட்றட்டுமா?" என்று காலையில் கேட்டேன்.

"வேணாம்மா. பெரிய எடம் நல்லதுதான். அதுக்குள்ள ஒளிஞ்சுக்கவும் எடம் வேணும்."

ஒளிந்துகொண்டே எல்லா இடத்துக்கும் போகவேண்டும், அவ்வளவுதானே. முதலில் விளக்கு ஒயரைக் கத்தரித்து எடுத்தேன். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் உள்ளே கருப்புக் காகிதம் ஒட்டினார் அவர். வாசற்படியிலிருந்து ஒட்ட முடியாதே, கிட்டே வந்துதான் ஆகவேண்டும். வந்தார். "இது ரொம்பத்தான் எளச்சிருச்சு புள்ள" என்று குரலை இறக்கிச் சொன்னார்.

சூட்டுப் பக்கம் ஒரு வளை, குளிர்ச்சிப் பக்கம் ஒரு வளை, இரண்டுக்கும் வாய் மூன்று விரல். சின்னப் பானையை உடைத்துக் கவிழ்த்து நார்க்கழிவுக்குள் புதைத்தேன். நடுவில் வெட்டவெளியே இருக்கக்கூடாது என்று காய்ந்த தேக்கிலையைக் கணுக்கால் உயரம் கொட்டினேன். ஒரு மணிபிளான்ட். முன்கண்ணாடிக்குப் பழைய போர்வை.

ஒரு வாரத்துக்கு யாரும் பார்க்கக்கூடாது, எடையும் போடக்கூடாது என்பது கௌசிக் உத்தரவு. அடைத்துப் பூட்டிச் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆகஸ்ட் 7, புதன்

பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பார்க்கவில்லை. போர்வையைச் சரி செய்கிற சாக்கில் கிட்டே போனேன். அவர் இருமினார். திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. இன்றைக்குக் கம்பெனியில் ஒரே மூட்டையை மூன்று தடவை சோதித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அன்றைக்கு அடுப்பில் பால் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

சாயங்காலம் எலிக்குஞ்சைச் சூடாக்கினேன். அவர் பூட்டைத் திறந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டே கையை மட்டும் உள்ளே விட்டு வளை வாயில் வைத்தேன். மூடியாயிற்று.

"வா புள்ள, கோயிலுக்குப் போயிட்டு வரலாம். இங்க இருந்தா நீ சும்மா இருக்கமாட்ட."

மாரியம்மன் கோயிலில் சாமியைப் பார்த்தேனா என்று கேட்டால் தெரியாது. ஒரு எலிக்காக வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் போர்வையைத் தூக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஆறு மணிக்கு அவர்தான் முதலில் பார்த்தார். நான் சமையலறையில் நின்றேன்.

"வசந்தா" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். "எலியக் காணம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இலையெல்லாம் விலகிக் கிடந்தது. வளைக்குள் ஒரு பளபளப்பு, அது நடுவில் கொஞ்சம் உப்பியிருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். போர்வையைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஏன் அப்படி அழுதேன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

கௌசிக்குச் சொன்னேன். புனேயில் ஏதோ அறையில் இருந்து அவன் கத்தினது இங்கே ஹால் முழுக்கக் கேட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

தாழ்ப்பாளைக் கழற்றியது அவர் இல்லை. நான். எல்லோரிடமும் அவர் என்றுதான் சொல்லியிருக்கிறேன், இந்த டைரியிலும்கூட அப்படியே எழுதினேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், காலேஜில் ஒன்பது பேப்பர் போன சமயம், கௌசிக் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. சோறு வேண்டாம், பேச்சும் இல்லை. அதே வாரத்தில்தான் எதிர்வீட்டு மல்லிகாவின் பையன். அதை நான் எழுத மாட்டேன். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்றாம் நாள் கௌசிக் குளிக்கப் போனான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். நாலு திருகு, இரண்டு நிமிஷ வேலை.

அன்றிலிருந்து நினைத்தபோதெல்லாம் திறந்து பார்த்தேன். படிக்கும்போது, தூங்கும்போது, போன் பேசும்போது. சும்மா தண்ணி வேணுமா என்று கேட்பதுபோல. நல்லா இருக்கானா என்றுதான் பார்த்தேன். அவன் ஒரு நாளும் தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். பாம்பு வாங்கினான், அதைக் கட்டிலுக்கு அடியில் மூடி போட்டு வைத்துக்கொண்டான். இப்போது புனே.

அன்றைக்குக் கழற்றினது தப்பென்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. நாலு வருஷம் திருப்பி மாட்டாமல் விட்டதுதான் தப்பு.

செப்டம்பர் 8, ஞாயிறு

தொடர்ந்து நாலாவது வாரம் சாப்பிட்டிருக்கிறான். எடை போட அனுமதி கிடைத்தது. 171. போன எடையையெல்லாம் தாண்டிவிட்டான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

விளக்கு வைக்கிற நேரம். போர்வையைப் பாதிதான் இறக்கியிருந்தேன். சோபாவில் உட்கார்ந்து புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். இலைக்குள் சரசரவென்று சத்தம். நிமிர்ந்தால் சேமியா, தானாகவே, கொய்யாக் கிளைமேல். பாதி உடம்பு தொங்குகிறது, நாக்கு மட்டும் போய்ப் போய் வருகிறது. கிளை முடிகிற இடத்தில் அடுத்து என்ன என்று காற்றை மோந்து பார்க்கிறான். மரமேறுமா என்று ஜூனில் கேட்டேன் இல்லையா, ஏறுகிறது. இறங்கத்தான் தெரியவில்லை, பொத்தென்று இலையில் விழுந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தீபாவளிக்கு வருகிறேன் என்றான் கௌசிக். "அதுகளக் கூட்டிட்டுப் போயிருவியா?" என்று கேட்டேன். "வந்து பாக்கறம்மா" என்றான்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஊறுகாய் ஜாடியை இறக்கினேன். தாழ்ப்பாளைப் புளி போட்டுத் தேய்த்தேன். பழைய ஓட்டைகள் தளர்ந்துபோய் விட்டன, தீக்குச்சியைச் செருகித்தான் முறுக்க வேண்டியிருந்தது. "குடு, நான் போடறேன்" என்று அவர் வந்தார். தரவில்லை. மூன்று திருகு நேராக ஏறிவிட்டது. நாலாவது கோணிக்கொண்டது. கழற்றினால் மறுபடி மாட்டுவேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

கௌசிக் காலை ஆறரைக்கு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். செருப்பைக் கழற்றினதும் ஷோகேஸ் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான். போர்வையை ஒரு விரலால் தூக்கி, கொஞ்சமாகப் பார்த்து, மூடினான்.

"இதெல்லாம் நீ செஞ்சியாம்மா?"

"அப்பாதான் பலகை அடிச்சாரு."

பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். அப்புறம் டக் என்று சத்தம்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

எட்டு மணி. சத்தமில்லை. ஒன்பது. சத்தமில்லை. பயணக் களைப்பு, தூங்குவான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கால் தானாகக் கதவு வரைக்கும் போனது. கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அவர் இருமினார். சமையலறைக்கு வந்து, இருக்கிற சட்னி போதாதென்று இன்னொரு சட்னி அரைத்தேன்.

பத்தேகாலுக்குக் கதவு திறந்தது.

"அம்மா, பசிக்குது."

ஷோகேஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் தோசையை வைத்துவிட்டு வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

"தாப்பாள் எப்ப போட்ட?" என்று அங்கிருந்து கேட்டான்.

"ஞாயித்துக்கெழம."

"ஒரு திருகு கோணலா இருக்குது."

"நான் போட்டதுடா. அப்பாவ நேராப் போடச் சொல்றேன்."

"வேண்டாம்" என்றான். "அப்படியே இருக்கட்டும்."

ராகி 390 கிராம். சேமியா 214. கௌசிக் ஆறு தோசை. நான் பார்க்கவில்லை, எண்ணிச் சொன்னது அவர்.